நான்காம் வகுப்பு என்னும் எல்லை: தென்சென்னையில் ஆல்காட் இலவசப் பள்ளிகள்

ஆய்வுச் சுருக்கம்

கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட் 1894இல் அடையாற்றில் தொடங்கிய இலவசப் பள்ளி, அடுத்த சில ஆண்டுகளில் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் ஆகிய பகுதிகளுக்கும் பரவி, ஒரே நிர்வாகத்தின் கீழ் ஐந்து இடங்களில் இயங்கிய கல்வி அமைப்பாக வளர்ந்தது. ஒரு தனிமனிதரின் கொடையாகவே இப்பள்ளிகளின் வரலாறு பெரும்பாலும் சொல்லப்பட்டு வருகிறது. பள்ளி தோன்றுவதற்கு முன்பே அம்மக்களிடமிருந்து எழுந்திருந்த கோரிக்கையை முன்னிறுத்தி அவ்வரலாற்றை மறுபடி வாசிக்கிறது இக்கட்டுரை. 'நான்காம் வகுப்பு வரை' என்ற ஒரே தொடர் கேட்டவருக்கும் கொடுத்தவருக்கும் வெவ்வேறு பொருள் தந்தது என்பதே இதன் மையக் கருத்து.

திறவுச்சொற்கள்: ஆல்காட், அயோத்திதாசப் பண்டிதர், பிரம்மஞான சபை, பஞ்சமர் கல்வி, அடையாறு, மயிலாப்பூர்.

ஐந்து இடங்கள், ஒரு பள்ளி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இன்றைய தியாகராய நகர் ஒரு நீர்ப்பரப்பு. நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே மாம்பலம் வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியின் மேற்கில் கோடம்பாக்கமும் கிழக்கில் தேனாம்பேட்டையும் இருந்தன. ஏரியைத் தூர்த்து நகர் அமைக்கும் பணி 1920களில்தான் நடந்தது. அதற்குத் தென்கிழக்கே, அடையாற்றின் தென்கரையில், 1882ஆம் ஆண்டின் இறுதியில் பிரம்மஞான சபை தன் தலைமையகத்தை நிறுவியது. ஹட்டில்ஸ்டன் தோட்டம் எனப்பட்ட அந்த நிலத்தையொட்டி ஊரூர் இருந்தது. 1894இல் ஆல்காட்டின் முதல் இலவசப் பள்ளி இங்குத் தொடங்கியது.

தொடர்ந்து கோடம்பாக்கத்தில் எச்.பி.பி. நினைவுப் பள்ளியும், தேனாம்பேட்டையில் தாமோதர் பள்ளியும், மயிலாப்பூரில் திருவள்ளுவர் பள்ளியும், அன்னி பெசண்ட் பெயரிலான பள்ளியும் ஏற்பட்டன. சபையின் நிறுவனர்களுள் ஒருவரான பிளவாட்ஸ்கியின் பெயரெழுத்துகளே எச்.பி.பி. என்பவை. தாமோதர் கே. மாவலங்கர் 1885இல் திபெத்தை நோக்கிப் புறப்பட்டுத் திரும்பாமற்போன சபை உறுப்பினர். ஐந்து பெயர்களில் நான்கு சபையின் உள்வட்டத்துக்கு உரியவை. ஐந்தாவதான திருவள்ளுவர் பெயர் மட்டும் பிள்ளைகளின் மரபிலிருந்து எடுக்கப்பட்டது. அப்பெயரின் கனம் பின்னர் ஆராயப்படும்.

ஐந்தும் தனித்தனிப் பள்ளிகளாகவே பெயர் பெற்றிருந்தன. ஆயினும் மேற்பார்வையாளர் ஒருவர், நிதி ஒன்று, பயிற்றுமுறை ஒன்று. அவ்வகையில் இவற்றை ஐந்து வளாகங்களாகப் பிரிந்து நின்ற ஒரு பள்ளி எனக் கொள்வது பொருந்தும். பிரிந்து நின்றதற்கான காரணம் கல்வி நிர்வாகத்தைச் சார்ந்ததன்று. பொதுப் பணத்தில் நடந்த பள்ளிகள் பல சாதியார் தெருக்களிலும் கோயிலை அடுத்த இடங்களிலும் அமைந்திருந்தன. சேரிப் பிள்ளைகள் அத்தெருக்களில் கால் வைப்பதற்கே எதிர்ப்பு இருந்தது. சட்டம் கதவைத் திறந்து வைத்தாலும் கதவுக்குப் போகும் வழி அடைபட்டிருந்த நிலையில், பள்ளிதான் சேரிக்கு வரவேண்டியிருந்தது. ஒரு சேரிக்கு ஒரு பள்ளி என்ற அமைப்பு அவ்வகையில் அன்றைய சென்னையின் சாதி நிலவரைபடத்தையே பின்பற்றியது.

அந்த வரைபடத்தில் இன்னொரு கோடும் உண்டு. அடையாறு, நுங்கம்பாக்கம், தேனாம்பேட்டை ஆகியவை ஐரோப்பியரின் தோட்ட வீடுகள் மிகுந்த பகுதிகள். சமையற்காரர், பட்லர், குதிரைக்காரர், தோட்டக்காரர், ஆயா எனப் பலவகை வேலையாட்கள் அவ்வீடுகளுக்குத் தேவைப்பட்டனர். இவர்களுள் பெரும்பகுதியினர் அருகிலிருந்த சேரிகளிலிருந்து சென்றனர். ஆல்காட்டின் பள்ளிகள் எதைக் கற்பித்தன, எந்த அளவோடு நிறுத்தின என்பதை விளங்கிக்கொள்ள இந்த உழைப்புத் தொடர்பை மனத்திற்கொள்வது இன்றியமையாதது.

பள்ளிக்கு முந்திய கோரிக்கை

ஆல்காட்டின் பள்ளி தோன்றிய 1894ஆம் ஆண்டை அதற்கு முந்திய மூன்றாண்டுகளிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது. 1891 திசம்பரில் அயோத்திதாசப் பண்டிதரின் முயற்சியால் உதகமண்டலத்தில் திராவிட மகாஜன சபை கூடியது. அச்சபை நிறைவேற்றிய தீர்மானங்களில் கல்வி முக்கிய இடம் பெற்றது. தம் மக்களுக்குக் கல்விச் சலுகைகளையும், மெட்ரிகுலேஷன் படிப்போருக்கு உதவியையும், படித்தோருக்கு அரசு வேலையையும் அது கோரியது.

அடுத்த ஆண்டு, 1892இல், சென்னை மகாஜன சபையின் கூட்டத்துக்கு நீலகிரியின் சார்பாளராகச் சென்ற அயோத்திதாசர் முதலில் கோயில் நுழைவுரிமையை எழுப்பினார். உங்களுக்குரிய தெய்வங்கள் வேறு என்னும் பொருளில் அவையிலிருந்து மறுப்பு வந்தது. அத்தெய்வங்கள் எங்களுக்கு வேண்டா என மறுமொழி கூறிய அவர், கோயிலை விட்டு வேறு இரண்டைக் கேட்டார். ஒன்று, தம் மக்களின் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வி. மற்றொன்று, கிராமங்களில் வெறுமனே கிடக்கும் நிலம். பின்னாளில் தாம் நடத்திய 'தமிழன்' இதழில் இந்நிகழ்ச்சியை அவரே விவரித்துள்ளார். ஞான. அலாய்சியஸ் 1999இல் தொகுத்து வெளியிட்ட 'அயோத்திதாசர் சிந்தனைகள்' இவ்வெழுத்துகளைப் பரவலாகக் கிடைக்கச் செய்தது.

இக்காலத்திலேயே செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் ட்ரெமன்ஹீர் பறையர் நிலைமை குறித்து அரசுக்கு அளித்த குறிப்பு விவாதத்துக்குரியதாயிற்று. 1893 பிப்ரவரியில் கல்வித்துறை வெளியிட்ட 68ஆம் எண் அரசாணை, பஞ்சமர் எனக் குறிக்கப்பட்டோருக்கான பள்ளிகளுக்குத் தனிச் சலுகைகளை அறிவித்தது. பஞ்சமர் கல்வியின் மகாசாசனம் என இது போற்றப்பட்டது. ஆயினும் அரசு தானே முன்வந்து பள்ளி கட்டுவதினும், பிறர் நடத்தும் பள்ளிக்கு உதவித்தொகை தருவதையே அக்காலக் கல்விக் கொள்கை சார்ந்திருந்தது. ஆகவே நடத்த முன்வருபவர் ஒருவர் வேண்டியிருந்தது. அதுவரை அவ்விடத்தைப் பெரிதும் நிரப்பியவர்கள் கிறித்தவ மிஷனரிமார்.

1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அவ்வாண்டின் இறுதியில் வெஸ்லியன் மிஷன் மண்டபத்தில் கூடிய கூட்டத்தில், சிவில் சர்வீஸ் தேர்வை இந்தியாவிலும் நடத்தவேண்டும் என்ற காங்கிரஸின் கோரிக்கைக்கு எதிராக மனு அனுப்பத் தீர்மானிக்கப்பட்டது. ஆட்சிப் பணி உயர்சாதியார் கைக்குப் போனால் தம் நிலை என்னாகும் என்ற அச்சமே அதன் அடிப்படை. இதழ் நடத்தவும் மனு எழுதவும் வல்ல ஒரு படித்த பிரிவு அக்காலத்துச் சென்னையில் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. எழுத்தறியாத மக்கள் நடுவே வெளியாள் ஒருவர் வந்து விளக்கேற்றினார் என்ற வருணனை இச்சான்றுகளின் முன் நிற்காது.

பாடமும் அளவும்

1880 முதல் இலங்கையில் பௌத்தப் பள்ளிகளை நிறுவும் இயக்கத்தில் ஆல்காட் முன்னின்றார். கொழும்பில் 1886இல் தொடங்கிய ஆங்கில பௌத்தப் பள்ளி ஆனந்தா கல்லூரியாயிற்று. கண்டியில் தர்மராஜாவும் (1887) காலியில் மகிந்தாவும் (1892) அவ்வழியில் வந்தவை. அவற்றின் நோக்கம் மிஷன் கல்லூரிகளுக்கு நிகரான உயர்கல்வி; அதன்வழி நிர்வாகத்திலும் தொழில்துறைகளிலும் சிங்கள பௌத்தருக்கு இடம் பெற்றுத் தருவது.

சென்னையில் அதே மனிதர் கொண்ட அளவுகோல் வேறு. இங்கு அவர் ஏற்படுத்தியவை தொடக்கப் பள்ளிகள். நான்காம் வகுப்பளவில் நின்ற அக்கல்வியில் தமிழ் எழுத்தும் வாசிப்பும், கணக்கு, ஓரளவு பேச்சு ஆங்கிலம் ஆகியவற்றோடு, சமையலும் தையலும் போன்ற கைத்திறன்களும் இடம்பெற்றன. 1902இல் அடையாற்றிலிருந்து வெளியிட்ட 'ஏழைப் பறையன்' என்னும் பொருள்படும் ஆங்கிலச் சிறுநூலில் இப்பள்ளிகளுக்காக அவர் உலகெங்குமுள்ள சபையினரிடம் பொருளுதவி வேண்டினார். அரசு அலுவலுக்கு ஆள் தயாரிப்பது அவர் நோக்கமாக இருந்ததில்லை. இருக்கும் தொழிலிலேயே பிள்ளைகள் சற்று மேம்பட்டு, ஏமாற்றப்படாமல் வாழ வழி செய்வதே அவர் கண்ட பயன். தோட்ட வீடுகளின் அருகே நின்ற பள்ளியில் சமையல் கற்பிப்பதில் ஒரு நடைமுறைத் தர்க்கம் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. நல்ல சமையற்காரருக்கு ஊதியம் கூடுதல். ஆனால் கொழும்புப் பிள்ளைக்குக் கல்லூரியும் கோடம்பாக்கத்துப் பிள்ளைக்கு அடுக்களையும் என்ற வேறுபாட்டை அத்தர்க்கம் முழுவதும் விளக்கிவிடாது.

இரு நாடுகளிலும் ஆதரவாளர் யார் என்பதைப் பார்த்தால் விளக்கத்தின் ஒரு பகுதி கிடைக்கிறது. இலங்கையில் பள்ளிகளுக்குப் பணம் தந்தவர்கள் தம் பிள்ளைகளையே அவற்றில் சேர்க்கவிருந்த வணிகரும் நிலவுடைமையாளரும். சென்னையில் பணம் தந்தவர்கள் பிற நாட்டுச் சபையினர். பிள்ளைகளின் பெற்றோர் கொடுக்க இயலாதவர்கள். மேலும், சென்னையில் பிரம்மஞான சபையைத் தாங்கி நின்றவர்களில் பெரும்பகுதி மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் வாழ்ந்த பிராமண அலுவலரும் வழக்கறிஞரும். அவர்களோடு போட்டியிடும் தலைமுறை ஒன்றை உருவாக்கும் பள்ளியாக இது அறிவிக்கப்பட்டிருந்தால் அந்த ஆதரவு எவ்வளவு நாள் நீடித்திருக்கும் என்பது எளிதில் ஊகிக்கத்தக்கது.

பயிற்றுமுறையில் இப்பள்ளிகளின் சாதனை மறுக்கவியலாதது. அமெரிக்காவிலிருந்து வந்து மேற்பார்வையாளராகப் பணியாற்றிய சாரா பால்மரும், அவருக்குப் பின் பொறுப்பேற்ற திருமதி கோர்ட்ரைட்டும் குழந்தைத்தோட்ட முறையை இங்குக் கையாண்டனர். பொருள்களைத் தொட்டும் பார்த்தும் அறிதல், விளையாட்டோடு கற்றல், ஆசிரியர்களுக்கே தொடர்ந்து பயிற்சி அளித்தல் ஆகியவை அதன் கூறுகள். பாடத்தை உருப்போட வைத்துத் தேர்வு முடிவுக்கேற்ப உதவித்தொகை பெறும் பழக்கம் ஊறிப்போன மாகாணத்தில் இது புதுமை. கோர்ட்ரைட் தம் முறையை 1906இல் தனி நூலாகவே எழுதினார். மரியா மாண்டிசோரி 1939இல் அடையாறு வந்து ஆல்காட் தோட்டத்தில் நடத்திய ஆசிரியர் பயிற்சி இந்தியக் கல்வி வரலாற்றில் பெரிதும் பேசப்படுகிறது. அதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் முன்பே அதே சுற்றுவட்டாரத்தில், சேரிப் பிள்ளைகளிடையே குழந்தைமையப் பயிற்றுமுறை நடைபெற்றிருந்தது என்பது அவ்வரலாற்றில் ஏனோ இடம்பெறுவதில்லை.

திருவள்ளுவர் என்னும் பெயர்

மயிலாப்பூர்ப் பள்ளிக்குத் திருவள்ளுவர் பெயர் இடப்பட்டது தற்செயலன்று. வள்ளுவரை மயிலாப்பூரோடும், ஒடுக்கப்பட்ட குடியோடும் இணைக்கும் கதைகள் வழக்கில் நிலைத்திருந்தன. அவருக்கு மயிலாப்பூரில் கோயிலும் உண்டு. கபாலீசுவரர் கோயில் மாடவீதிகளில் நுழைய இயலாத பிள்ளைகள் அதே மயிலாப்பூரின் பெரும்புலவர் பெயரைத் தாங்கிய பள்ளியில் எழுத்தறிந்தனர்.

இங்கு அயோத்திதாசர் குடும்ப மரபு தொடர்பான ஒரு செய்தி கூர்ந்து நோக்கத்தக்கது. அவர் பாட்டனார் கந்தப்பன், ஹாரிங்டன் என்ற ஆங்கிலேயரிடம் பட்லராக இருந்தவர். தம்மிடமிருந்த திருக்குறள் ஓலைச்சுவடியை அவர் ஹாரிங்டன் வழியாக எல்லிஸ் துரைக்குக் கொடுத்தார் என அயோத்திதாசர் எழுதியிருக்கிறார். எஃப்.டபிள்யூ. எல்லிஸ் 1819இல் இறந்தவர். குறளின் ஒரு பகுதியை மொழிபெயர்த்து விளக்கம் எழுதியவர். ஓலைச்சுவடியைப் போற்றிப் பாதுகாத்த ஒரு குடும்பத்தில் பட்லர் வேலை என்பது வயிற்றுப்பாட்டுக்கான தொழில். அறிவின் எல்லை அன்று. அயோத்திதாசர் தாமே தம் இயற்பெயரான காத்தவராயனை விட்டுத் தம் ஆசிரியர் வல்லக்காளத்தி அயோத்திதாசக் கவிராஜ பண்டிதரின் பெயரை ஏற்றவர். சித்த மருத்துவரும் தமிழ்ப் புலமையாளரும் ஆனவர். பட்லர் வேலைக்குத் தகுதியாக்குவதைப் படிப்பின் பயனாகக் கண்ட பள்ளி அமைப்புக்கும், பட்லர் வீட்டிலிருந்தே குறள் அச்சுக்குச் சென்றது என்று நினைவுகூர்ந்த மரபுக்கும் இடையிலுள்ள தொலைவு பெரிது.

இவ்வாறு நோக்கும்போது, 1892இல் கேட்கப்பட்ட 'நான்காம் வகுப்பு வரை' என்பது ஒரு பேரவையில் கோயில் மறுக்கப்பட்ட பின் குறைந்தது இதையாவது கொடுங்கள் என்று வைக்கப்பட்ட தொடக்கப் புள்ளி எனத் தெரிகிறது. ஓராண்டுக்கு முன்பே மெட்ரிகுலேஷன் படிப்புக்கு உதவி கோரிய அமைப்பின் தலைவர் அவர் என்பது இக்கருத்துக்கு அரண் செய்கிறது. அதே நான்காம் வகுப்பு ஆல்காட் பள்ளிகளில் முடிவுப் புள்ளியாயிற்று. கோரியவருக்கு அது தரை. கொடுத்தவருக்கு அது கூரை.

தலைமையாசிரியர் ஒருவரின் கடற்பயணம்

தம் பள்ளிகள் சமயம் பரப்புவனவல்ல என்பதை ஆல்காட் வற்புறுத்தினார். மிஷன் பள்ளிகளிலிருந்து அவற்றை வேறுபடுத்திய கூறு அது. ஆனால் பள்ளி எல்லைக்குள் எழுந்த கேள்விகள் எல்லைக்குள்ளேயே நிற்கவில்லை. 1898இல் அயோத்திதாசரும், பஞ்சமர் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியரான பி. கிருஷ்ணசாமியும் ஆல்காட்டை அணுகித் தம் முன்னோர் பௌத்தர் என்றும், மீண்டும் அந்நெறிக்குத் திரும்ப விரும்புவதாகவும் தெரிவித்தனர். அவ்வாண்டு சூலையில் ஆல்காட் அவர்களைக் கொழும்புக்கு அழைத்துச் சென்றார். சுமங்கல தேரரிடம் அவர்கள் பஞ்ச சீலம் ஏற்றனர். திரும்பியபின் இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் தோன்றியது.

இந்நிகழ்ச்சியை அயோத்திதாசரின் வாழ்க்கை வரலாற்றில் ஒரு திருப்பமாகவே ஆய்வாளர் பெரிதும் கண்டுள்ளனர். வ. கீதா, எஸ்.வி. ராஜதுரை ஆகியோர் 1998இல் வெளியிட்ட நூலும் அலாய்சியஸின் ஆய்வுகளும் அதன் அரசியல் பொருளை விரிவாக எடுத்துக்காட்டின. பள்ளியின் வரலாற்றிலிருந்து பார்க்கும்போது உடன் சென்ற தலைமையாசிரியரே மையமாகிறார். நன்றியுடையவராகவும் அடக்கமானவராகவும் எதிர்பார்க்கப்பட்ட பள்ளி ஊழியர் ஒருவர், சமய வரலாறு குறித்த உரிமைக் கோரிக்கையோடு நிறுவனர் முன் நின்றார். நான்காம் வகுப்புக்கான பாடத்திட்டத்தில் இதற்கு இடமில்லை. ஆசிரியர் பணி தந்த தகுதியும் தொடர்பும் அதற்கு இடமளித்தன. 1907இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியபோது இராயப்பேட்டை ஏற்கெனவே ஓர் அறிவு மையமாகியிருந்தது. தேனாம்பேட்டைப் பள்ளிக்கும் மயிலாப்பூர்ப் பள்ளிக்கும் அது நடைதூரம்.

ஆல்காட்டுக்குப் பின்

1907 பிப்ரவரி 17இல் ஆல்காட் அடையாற்றில் காலமானார். தலைமைப் பொறுப்பு அன்னி பெசண்டிடம் சென்றது. காசியில் 1898இல் மத்திய இந்துக் கல்லூரியை நிறுவியவர் அவர். கல்வியில் அவருக்கிருந்த ஆர்வம் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஆயினும் 1909இல் 'இந்தியன் ரிவியூ' இதழில் தாழ்த்தப்பட்ட வகுப்பாரின் முன்னேற்றம் பற்றி எழுதிய கட்டுரையில், அவ்வகுப்புப் பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் சேர்ப்பதை அவர் எதிர்த்தார். உடல் தூய்மை, உணவு, தலைமுறை வழிப் பழக்கம் ஆகியவற்றை அதற்குக் காரணமாகக் காட்டினார். 1945இல் அம்பேத்கர் காங்கிரஸையும் காந்தியையும் பற்றி எழுதிய நூலில் இக்கட்டுரையை விரிவாக எடுத்தாண்டார்.

இதன் விளைவு ஆல்காட் பள்ளிகளின் பொருளையே மாற்றியது. 1894இல் தனிப்பள்ளி என்பது வழி மறிக்கப்பட்டதால் நேர்ந்த ஏற்பாடு. 1909இல் அதுவே கொள்கையாக நியாயப்படுத்தப்பட்டது. அதைச் செய்தவரின் பெயரையே ஐந்து பள்ளிகளில் ஒன்று தாங்கியிருந்தது.

அடுத்த பத்தாண்டுகளில் சூழல் வேறாயிற்று. 1919இல் தொழிலாளர் துறை தோன்றி ஒடுக்கப்பட்ட மக்களுக்கான பள்ளிகளை நடத்தும் பொறுப்பை மேற்கொண்டது. 1920இல் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், ஆயிரம் விளக்கில் தொடங்கி, பிட்டி தியாகராயர் காலத்தில் மதிய உணவு வழங்கப்பட்டது. எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தின் வழி, பறையர், பஞ்சமர் என்னும் பெயர்கள் 1922இல் அரசு ஆவணங்களில் ஆதிதிராவிடர் என மாற்றப்பட்டன. தருமத்தை நம்பி நின்ற பள்ளி, உரிமையை நோக்கி நகர்ந்த காலத்தோடு தன்னைப் பொருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. சேரிதோறும் நின்ற கிளைகள் காலப்போக்கில் சபையின் நிர்வாகத்தை விட்டு நீங்கின; அடையாற்றுப் பள்ளி மட்டும் நிலைத்தது.

நிலைத்த பள்ளி நான்காம் வகுப்போடு நிற்கவில்லை. பெயர் மாறி, 'ஆல்காட் நினைவு' என்னும் அடைமொழி ஏற்று, உயர்நிலைக் கல்வி தரும் பள்ளியாக அது வளர்ந்தது. இன்று பெசண்ட் நகர் எனப்படும் பகுதியின் ஓரத்தில், சபையின் மரத்தோப்பையும் மீனவர் குடியிருப்புகளையும் அடுத்து, கட்டணம் வாங்காத பள்ளியாகவே அது இயங்கி வருகிறது. சுற்றுவட்டாரத்து மீனவர், கூலித் தொழிலாளர், வீட்டு வேலை செய்வோரின் பிள்ளைகள் அதில் படிக்கின்றனர். அருகிலுள்ள கடற்கரைக் குடியிருப்பின் பெயர் ஊரூர் ஆல்காட் குப்பம்.